சான்றிதழ் தராத கூட்டம்

முனைவர் பட்ட மாணவரிடம் போன மாதம் என்ன படித்தீர்கள் என்று கேட்டால் பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். எத்தனை கருத்தரங்கு என்று கேட்டால் உடனே வரும். குறை அவர்களுடையதல்ல. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் ஒரு கட்டுரையும் கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரைகளும் வேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிமுறை. அதை நம்பி ஒரு தொழிலே வளர்ந்தது. பதிவுக் கட்டணம், தலையணை கனத்தில் தொகுப்பு நூல், இணை அமர்வில் ஆளுக்கு ஐந்து நிமிடம், நடுவே அமர்வுத் தலைவரின் மணி. வாசித்து முடித்தவர் சான்றிதழை வாங்கிக்கொண்டு பேருந்து ஏறிவிடுவார். கடைசிக் கட்டுரைக்குக் கேட்க ஆளிருக்காது. 2022 விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. பழக்கம்தான் போகவில்லை.

வேறு வழி இருக்கிறது என்பதற்கு நாமக்கல் சாட்சி. அங்கே எழுத்தாளர் பெருமாள்முருகன் தன் வீட்டு மொட்டைமாடியில் மாதந்தோறும் ‘கூடு ஆய்வுச் சந்திப்பு’ நடத்திவந்தார். பெரும்பாலும் அரசுக் கல்லூரிகளில் படித்த, வீட்டில் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள் வந்தார்கள். 2013இல் வெளியான ‘சாதியும் நானும்’ தொகுப்பின் 32 கட்டுரைகளும் அந்த வட்டத்தில் விளைந்தவை. வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் அனுபவத்தை எழுத, கேட்க நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். ஐந்து நிமிட அமர்வு அதைத் தராது.

இந்த வழக்கம் திருப்பதிக்கு நாமக்கல்லைவிடக் கூடுதலாகப் பொருந்தும். ஒரே ஊரில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகம், தேசிய சமஸ்கிருதப் பல்கலைக்கழகம். பழைய சித்தூர் மாவட்டத்தின் இன்னொரு கோடியில் குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம். திவ்வியப் பிரபந்தத்தை ஆராய்ந்த ந. சுப்பு ரெட்டியார் தமிழ் கற்பித்த ஊர் திருப்பதி. திருமலைக் கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். செப்பேடுகளில் கிடைத்த அன்னமய்யா பாடல்களோ தெலுங்கு. ஆனால் ஆய்வாளர்கள் துறைவாரியாகத்தான் உட்காருகிறார்கள்.

இதில் என்ன இழப்பு என்று கேட்கலாம். கிருஷ்ணதேவராயரின் ‘ஆமுக்தமால்யதா’ ஆண்டாளைப் பற்றிய தெலுங்குக் காவியம். அதில் மாலதாசரி என்றொரு பாடகன் வருகிறான். தீண்டத்தகாதவன் என்று ஒதுக்கப்பட்ட குலம். பெருமாளைப் பாடப் போகும் வழியில் பிரம்மராட்சசன் பிடித்துக்கொள்ள, பாடிவிட்டு வந்து உனக்கு இரையாகிறேன் என்று வாக்குக் கொடுத்துப் போகிறான். சொன்னபடி திரும்பியும் வருகிறான். தெலுங்கு முதுகலை மாணவருக்கு இது பழகிய பகுதி. தமிழ் மாணவருக்கு இதே கதை திருக்குறுங்குடி நம்பாடுவானாகத் தெரியும். பராசர பட்டர் மணிப்பிரவாளத்தில் உரை செய்த கைசிக புராணம் அது. மூலமான வராக புராணம் சமஸ்கிருதத் துறையின் சரக்கு. கைசிக துவாதசியன்று, விடியுமுன்னே, உக்கிர சீனிவாசர் வீதியுலா வரும்போது திருமலை இந்தக் கதையை நினைத்துக்கொள்கிறது. கவியான அரசர் இதை எங்கே மாற்றினார், உரைகாரர் எதை அழுத்தினார், சாதி எந்த மொழியில் உரக்கப் பேசுகிறது என்பதெல்லாம் மூன்று துறையும் ஒரே பாயில் உட்கார்ந்தால்தான் தெரியவரும். தனித்தனியே எழுதினால் மூன்று ஆய்வேடு வரும், அவ்வளவுதான்.

மொழி தடையாகுமே என்பார்கள். சித்தூர், புத்தூர், நகரிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு இரண்டு மொழியும் காதுக்குப் பழக்கம். எழுத்துத்தான் ஒன்று தெரியும், மற்றது தெரியாது. அதனால் பிரதியைக் கையில் கொடுத்து அனுப்பாமல் உரக்கப் படிப்பதே முறையாக இருக்க வேண்டும். ஒருவர் படிக்க, சந்தேகம் வந்த இடத்தில் நிறுத்தலாம். ஒரு மாதத்தில் பத்துப் பாடல் நகர்ந்தாலும் போதும்.

எனக்கு உள்ள கவலை வேறு. இத்தகைய கூட்டங்களை ஒரு பேராசிரியர் தலையில் கட்டிவிட்டால், அவர் ஓய்வு பெறும் நாளோடு கூட்டமும் ஓய்வு பெறும். நெறியாளர் முன்னிலையில் மாணவர் வாய் திறப்பதும் அரிது. ஆகவே நடத்துவது மாணவர்களாகவும், ஆசிரியர்கள் அழைத்தால் வருபவர்களாகவும் இருக்கட்டும். நேரமும் முக்கியம். மாலை ஆறு மணி என்று வைத்தால் விடுதி வாசல் அடைக்கும் நேரத்துக்குப் பயந்து பெண்கள் வரமாட்டார்கள். சித்தூரிலிருந்தும் காளத்தியிலிருந்தும் வருபவர்களுக்கு ஊர் திரும்புவது சிரமம். ஞாயிறு காலை பத்திலிருந்து ஒன்று வரை வைத்துக்கொள்ளலாம். முதல் கூட்டத்துக்கு மாலதாசரியையே எடுக்கலாம்.