துணுக்கிலிருந்து பாட்டு வரை

நான்கு இளைஞர் ஒன்றுகூடி, அவர்களிடம் இரண்டு கிற்றாரும் ஒரு ட்ரம்மும் இருந்துவிட்டால், மாலை ஐந்து மணிக்குத் தொடங்கும் வாசிப்பு இரவு எட்டு மணிக்கும் ஓய்வதில்லை. அயல்வீட்டார் சன்னலைச் சாத்துகின்றனர். சாப்பாடு ஆறுகிறதென்று அன்னை இருமுறை அழைத்துவிட்டாள். வாசித்தவர்களோ, இன்று வெகு அருமையாக அமைந்தது என்று ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டு பிரிகின்றனர். மறுநாள், நேற்று அருமையாக அமைந்தது எது என்று வினவினால் விடை கூற ஒருவராலும் இயலுவதில்லை. ஆறு திங்கள் கழிந்தபின் அவர்களிடம் முப்பது தொடக்கங்கள் இருக்கும். முடிந்த பாட்டு ஒன்றேனும் இராது. அதன்பின் ஒருவன் பரீட்சையைக் காரணங் காட்டி விலகுவான். மற்றொருவன் மனக்கசப்போடு விலகுவான். குழு கலைந்துவிடும். இவ்வாறு கலையும் குழுக்களுட் பல, திறமை இன்மையால் கலைவதில்லை. எதையும் முடித்துப் பழகாமையாற் கலைகின்றன. ஆதலின் இவ்வாரம் நாம் இதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

முன்னேற்பாடின்றிக் கூடி வாசிப்பதை மேனாட்டு இசைக்காரர் 'ஜாம்' என்பர். அவ்வாசிப்பிலே திரும்பத் திரும்ப வரும் குறுகிய சுரத்தொடரை 'ரிஃப்' என்பர். நாம் அதனைத் துணுக்கு என்றே அழைப்போம். ஒரு துணுக்கை இருபது நிமிடம் வாசித்தாலும் வாசிப்பவனுக்குச் சலிப்பதில்லை. அவன் விரல்களுக்கு வேலையிருக்கிறது, நண்பனின் வாசிப்புக்கு மறுமொழி கூறும் இன்பமும் இருக்கிறது. கேட்பவனுக்கோ அவ்வேலை யாதுமில்லை. அடுத்து என்ன வரும் என்று காத்திருப்பதே அவன் தொழில். நான்கு முறை ஒன்றையே கேட்டபின் ஐந்தாம் முறை ஒரு மாற்றத்தை அவன் செவி நாடுகிறது. வாசிப்பவனுக்கு இன்பந் தருவதைக் கேட்பவனுக்கும் இன்பந் தருவதாக ஆக்குதலே பாட்டமைத்தல் எனலாம்.

முதலாவது வேலை, பிறந்த துணுக்கைத் தப்பவிடாது பிடித்து வைத்தல். 1965ஆம் ஆண்டில் ரோலிங் ஸ்ரோன்ஸ் குழுவின் கிற்றார்க் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸ், நள்ளிரவில் அரைத் தூக்கத்தில் எழுந்து சிறு ஒலிப்பதிவுக் கருவியில் ஒரு துணுக்கை வாசித்துவிட்டு மீண்டும் உறங்கிப்போனதாகக் கூறியிருக்கிறார். காலையில் நாடாவைச் சுழற்றிக் கேட்டபோது சிறிது நேரம் கிற்றாரும், எஞ்சிய நேரமெல்லாம் அவருடைய குறட்டையும் கேட்டனவாம். 'சற்றிஸ்பாக்ஷன்' என்று உலகறிந்த பாட்டு அந்நாடாவிலிருந்தே வளர்ந்தது. இன்று அத்தகைய கருவி ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைத்தொலைபேசி வடிவில் இருக்கிறது. ஆயினும் மூன்று மணி நேர வாசிப்பை முழுதாகப் பதிந்து வைப்பதிற் பயன் குறைவு. அதைத் திரும்பக் கேட்க எவருக்கும் பொறுமை இராது. நல்ல துணுக்கு வந்தவுடன் நிறுத்தி, அதை மட்டும் ஒரு நிமிடம் பதிந்து, நாளையும் வேகத்தையும் சொல்லி வைத்தல் வேண்டும். வாரமுடிவில் அவற்றைக் கேட்டு, வாத்தியமின்றி வாயால் முணுமுணுக்கத் தக்கது எதுவோ அதனைத் தெரிந்துகொள்க. மற்றவற்றை வருந்தாது ஒதுக்கி வைக்கலாம்.

இரண்டாவது வேலை, துணுக்கிற்கு ஒரு வீடு அமைத்தல். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில், பழைய திரைப்பட அரங்கொன்றை ஒலிப்பதிவுக்கூடமாக மாற்றியிருந்த ஸ்ராக்ஸ் நிறுவனத்தில், நான்கு வாத்தியக்காரர் ஓய்வு நேரத்தில் வாசித்துக்கொண்டிருந்தனர். நிறுவனத் தலைவர் அவ்வாசிப்பைப் பதிவு செய்தார். இசைத்தட்டின் மறுபக்கத்துக்கும் ஏதாவது வேண்டுமே என்றபோது, ஓர்கன் வாசித்த புக்கர் ரீ. ஜோன்ஸ் தம் கையிலிருந்த ஒரு துணுக்கை எடுத்தார். அவருக்கு அப்போது வயது பதினேழு. 'கிரீன் ஒனியன்ஸ்' என்ற பெயரோடு மறுபக்கத்தை நிரப்ப வந்த அதுவே முதற்பக்கத்தை வென்று புகழடைந்தது.

அத்துணை விரைவில் அது முழுமையடைந்தது எங்ஙனம்? அவர்கள் புதிதாக வீடு கட்டவில்லை. கட்டியிருந்த வீட்டிற் குடிபுகுந்தனர். 'புளூஸ்' இசையில் வழிவழியாக வரும் பன்னிரண்டு அளவுச் சட்டகம் ஒன்று உண்டு. ஓர் அளவுக்கு நான்கு தட்டு. முதற் சுரக்கூட்டில் நான்கு அளவு நின்று, நான்காஞ் சுரத்துக் கூட்டில் இரண்டு அளவு சென்று, திரும்பி இரண்டு அளவு தங்கி, ஐந்தாஞ் சுரத்துக் கூட்டின் வழியாக இறுதி நான்கு அளவில் இல்லம் மீளுதல் அதன் பொதுவான நடை. ஜோன்ஸின் துணுக்கு அச்சட்டகத்தில் ஏறியது. ஓர்கன் துணுக்கைச் சொல்லிற்று. பின் ஓர்கனும் கிற்றாரும் அதனை விட்டு விலகி விளையாடின. இறுதியில் துணுக்கே மீண்டது. மூன்று நிமிடத்துக்குள் யாவும் முடிந்தன. நம்மவர்க்கும் இது புதிதன்று. ஒரே வரியான பல்லவியை வைத்துக்கொண்டு நெடுநேரம் விரித்துப் பாடும் வித்துவானும், தாளமென்னும் சட்டகம் இருக்கும் துணிவினாலன்றோ அவ்வாறு உலாவுகிறார்!

மாணவர்க்குப் பயன்படுமாறு ஒரு சிறு கணக்கும் காட்டுவோம். நிமிடத்துக்கு 120 தட்டு வேகத்தில், அளவுக்கு நான்கு தட்டானால், ஓர் அளவுக்கு இரண்டு வினாடி. முன்னிசை 4 அளவு, சரணம் 16, பல்லவி 8, மீண்டும் சரணம் 16, பல்லவி 8, வேறு நிறமுள்ள நடுப்பகுதி 8, இறுதிச் சரணம் 16, பல்லவி 8, முடிவு 4. கூட்டினால் 88 அளவு, அதாவது 2 நிமிடம் 56 வினாடி. ஒரு தாளில் இதனைக் கட்டங்களாக வரைந்து சுவரில் ஒட்டிவிட்டால், முடிவில்லாது சுற்றிக்கொண்டிருந்த வாசிப்புக்குப் போகும் வழியும் நிற்கும் இடமும் தெரிந்துவிடும். துணுக்கை எந்தக் கட்டத்தில் வைப்பது என்பதையும் முடிவு செய்தல் வேண்டும். எல்லாக் கட்டத்திலும் அதையே வைத்தல், எல்லாக் கறியிலும் ஒரே தூளைப் போடுவது போலாகும்.

மூன்றாவது வேலை, யார் எப்போது வாய் மூடியிருப்பது என்று வகுத்தல். இளங் குழுக்களின் பெருங்குறை, எல்லோரும் எந்நேரமும் வாசித்தலே. டீப் பேர்ப்பிள் குழுவின் 'ஸ்மோக் ஒன் த வோற்றர்' பாட்டைக் கேளுங்கள். அதன் துணுக்கு, கிற்றார் பழகத் தொடங்கும் பிள்ளையும் ஒரு நாளில் வாசிக்கக்கூடிய நான்கு சுரங்களால் ஆனது. முதலிற் கிற்றார் தனியே வருகிறது. பின் ட்ரம் தொகுதியின் சிறு தாளத்தட்டும் ஓர்கனும். பின் முழு ட்ரம். அதன்பின் பேஸ் கிற்றார். அதற்கும் பின்னரே குரல். ஒரே துணுக்குத்தான் வருகிறது; ஆனால் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒருவர் வாயிலில் நுழைகிறார். கேட்பவன் காத்திருத்தல் வீண்போவதில்லை.

அப்பாட்டின் சொற்கள் பிறந்த விதமும் அறியத் தக்கது. 1971 டிசம்பர் 4ஆம் நாள், சுவிற்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மொன்ரே நகரின் கசினோ மண்டபம், பிராங்க் சப்பாவின் இசை நிகழ்ச்சி நடக்கையிலே, ஒருவர் சுட்ட தீப்பொறித் துப்பாக்கியால் எரிந்து போயிற்று. அம்மண்டபத்திலேயே இசைத்தட்டுப் பதிவு செய்ய வந்திருந்த குழுவினர் இடமின்றி அலைந்தனர். ஏரியின்மீது புகை பரந்ததைத் தாம் கண்டவாறே பாட்டாக்கினர். துணுக்கு முன்னே பிறந்தது. பொருள் பின்னே வந்து சேர்ந்தது. அப்பொருளும் நெடுந்தொலைவிலிருந்து தேடிக் கொணர்ந்ததன்று, கண்முன் நடந்ததே.

சொல் வராமையாற் பாட்டைக் கைவிடுவோர் பலர். மெட்டுக்கு முதலிற் பொருளற்ற அசைகளை இட்டு வைத்தல் நம் திரையிசையிலும் உள்ள வழக்கமே. தத்தகாரம் என்று அதற்குப் பெயருமுண்டு. 1969 சனவரியில் பீற்றில்ஸ் குழுவின் போல் மக்காற்னி, தோழர் அருகிலிருக்கத் தம் பேஸ் கிற்றாரைத் தட்டித் தட்டி, வாய்க்கு வந்த ஒலிகளை முணுமுணுத்து, 'கெற் பாக்' பாட்டைக் கண்டெடுத்த காட்சி படச்சுருளிற் பதிவாகி, 2021இல் பீற்றர் ஜாக்சன் வெளியிட்ட ஆவணப் படத்தில் யாவரும் காணக் கிடைக்கிறது. இடையிலே குடியேறிகளை வெறுப்போரைக் கேலி செய்யும் வரிகளும் அதில் நுழைந்து பின் நீங்கின. மாந்தரின் பெயர்கள் மாறின. மூன்று வாரம் இடைவிட்டுச் சொல்லைச் செதுக்கியபின் பதிவு செய்தனர். உலகப் புகழ் பெற்றவர்க்கே முதல் நாளில் ஒலியும் மூன்றாம் வாரத்திற் சொல்லும் என்றால், புதியவர் முதல் மாலையிலே கவிதையை எதிர்பார்த்து மனமுடைவது ஏன்?

இனி, யாவற்றினும் முக்கியமான ஒன்று. கூடி வாசித்ததிற் பிறந்த பாட்டு யாருடையது? நட்பு நன்றாயிருக்கும்போது இக்கேள்வியை எழுப்ப அனைவரும் கூசுவர். நட்பு முறிந்தபின் அதற்கு விடை கிடைப்பதில்லை. புரொக்கல் ஹாரம் குழு 1967இல் வெளியிட்ட 'எ வைற்றர் ஷேட் ஒவ் பேல்' பாட்டின் உயிர், அதன் ஓர்கன் இசை. அதனை அமைத்து வாசித்தவர் மத்தியு பிஷர். பாட்டின் ஆசிரியராகப் பதிவானவர்களோ வேறிருவர். 2005இல் அவர் வழக்குத் தொடுத்தார். 2006இல் உயர் நீதிமன்றம் இசையுரிமையில் நூற்றுக்கு 40 பங்கு அவருக்கு என்றது. மேன்முறையீட்டில் அது மாறிற்று. 2009இலே பிரபுக்கள் சபை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒரு மாலையில் நாலு வரி எழுதிக் கையொப்பமிட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிணக்கு, நாற்பத்திரண்டு ஆண்டு கழிந்து தீர்ந்தது. 'கிரீன் ஒனியன்ஸ்' இசைத்தட்டிலோ நால்வர் பெயரும் ஆசிரியராகப் பொறிக்கப்பட்டன.

ஆகவே, எம் இளைய வாசகர்க்கு நாம் கூறுவது இது. பாட்டு முடிந்த அன்றே ஒரு கொப்பியில் நாளையும், துணுக்கைக் கொணர்ந்தவர், சொல் எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்களையும் எழுதி எல்லோரும் ஒப்பமிடுங்கள். மாதம் ஒரு பாட்டு என்று நியதி வகுத்து, அது சிறந்ததோ அன்றோ, மாத இறுதியில் முதலிலிருந்து முடிவு வரை நிறுத்தாது வாசித்துவிடுங்கள். முதற் சில பாட்டுக்கள் சுமாராகவே இருக்கும். அவை கற்பிக்கும் பாடத்தை அரைகுறையான நூறு துணுக்குகள் கற்பிக்கமாட்டா.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளைகள் வாசிக்கும் சத்தத்தை நிறுத்துமாறு கூறுமுன், முடிந்த பாட்டொன்றை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். மாத இறுதியில் ஒரு ஞாயிறு மாலை, மூன்று நிமிடம், வீட்டார் யாவரும் அமர்ந்து கேட்பார்கள் என்று தெரிந்தால், அந்நான்கு பேரும் வீண் வாசிப்பைத் தாமே குறைத்துக்கொள்வர். கேட்பதற்கு ஆளிருக்கும் வீட்டிற் பாட்டும் முடிவு பெறும், சாப்பாடும் ஆறாது.