கால்வாய் வந்த ஊரும் வாராத ஊரும்

நீர் வந்தால் ஊர் திருந்தும் என்பது நம்மிற் பலர் ஆராயாது கொண்டுள்ள கொள்கை. அணை கட்டுக, கால்வாய் வெட்டுக, விளைவு பெருகும், விளைவு பெருகவே அறியாமையும் சாதிக் கட்டும் தாமே கழன்று வீழும் என்று நம் சொற்போர் மன்றத்திற் பேசாதார் அரியர். இக்கொள்கையைக் கிராமத்திற் குடியிருந்தே சோதித்தவர் ஒருவர் உண்டு. அவர் ஸ்கார்லெட் எப்ஸ்டைன் என்னும் மானிடவியல் அறிஞர்.

1922இல் வியன்னா நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த இவர், 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கவர்ந்தபின் நாடு துறந்து பிரிட்டனை அடைந்தார். அங்கே தொழிற்சாலையில் உழைத்துப் பிழைத்துப் பின்னரே மான்செஸ்டர்ப் பல்கலைக்கழகத்திற் பயின்றார். 1954இல் மைசூர் நாட்டிற்கு வந்து, மாண்டியாவை அடுத்த இரண்டு சிற்றூர்களை ஈராண்டளவு ஆராய்ந்தார். அவற்றிற்கு அவர் இட்ட புனைபெயர்கள் வங்கலா, தலேனா என்பன. அவ்வூர்கள் நமக்கு முற்றும் அயலல்ல. 1911இல் கட்டத் தொடங்கிய கிருஷ்ணராஜசாகரத்து நீரே அப்பக்கத்து வயல்களிற் பாய்கின்றது. அந்தக் காவிரியே கீழிறங்கி நம் மேட்டூர் வந்து சேர்கின்றது.

கால்வாய் வங்கலாவுக்கு வந்தது. தலேனாவோ மேட்டு நிலமாதலின், அங்கே நீர் ஏறவில்லை. வங்கலாவிற் கேழ்வரகு விளைந்த புன்செய் நன்செய்யாகி, நெல்லும் கரும்பும் தழைத்தன. மாண்டியாவில் 1933இல் தோன்றிய சர்க்கரைக் கம்பெனி அக்கரும்பைக் கொண்டது. செல்வம் பெருகிற்று. ஆயின், ஊரின் கட்டுக்கோப்பு பெரிதும் பழையபடியே நின்றது. நிலமுடைய ஒக்கலிகர்க்கும், வழிவழியாக அவர்க்கு உழைத்துவந்த ஆதிகர்நாடகர் என்னும் ஒடுக்கப்பட்ட வகுப்பார்க்கும் இருந்த பிணிப்பு அறவில்லை. நன்செய்க்கு ஆள் மிகுதியும் வேண்டப்பட்டமையின், அப்பிணிப்பு நிலைக்கவே காரணம் உண்டாயிற்று. உழவர் உழவராகவே இருந்து செல்வராயினர். வேறொன்றாகவேண்டிய நெருக்கடி அவர்க்கு எழவில்லை.

தலேனா மக்கள் என் செய்தனர்? நீர் தம்பால் வாராமையின் தாமே அதனைத் தேடிச் சென்றனர். அயலூர் நன்செய்களை விலைக்கு வாங்கினர். மாண்டியாவில் வேலைக்கு அமர்ந்தனர். கரும்பாலையும் மாவு மில்லும் வைத்தனர். வண்டி கட்டிக் கரும்பேற்றினர். நகரோடு நாளும் கலந்த அவ்வூரிலேதான் பரம்பரைப் பிணிப்புத் தளர்ந்தது. ஊரிற் பெரியவர் யார் என்பதற்கும் புது அளவைகள் பிறந்தன. 1962இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் இதுவே. நீர் பெற்ற ஊர் பயிரை மாற்றியது. நீர் பெறாத ஊர் தன்னையே மாற்றிக்கொண்டது. இதனைப் படித்தபோது யாம் கொண்ட வியப்புச் சிறிதன்று.

வங்கலாவின் கூலிமுறை பற்றி அவர் கூறுவது இன்னும் ஆழ்ந்தது. உழைப்பாளிக்கு ஆண்டுதோறும் இவ்வளவு தானியம் என்று வழக்கம் வரையறுத்திருந்தது. விளைவு குன்றிய ஆண்டில், நிலமுடையான் பங்கும் உழைப்பவன் பங்கும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். விளைவு மிகுந்த ஆண்டில், மிகுதியெல்லாம் நிலமுடையானையே சேரும். பஞ்சத்திற் பட்டினியின்றி இருப்பதற்கு உழைப்பாளி கொடுத்த விலை இது. இம்முறை ஏன் நெடுங்காலம் நின்றது என்பதை இவ்விளக்கம் நன்கு காட்டுகின்றது. அதனாலேயே அதனைப் புகழ்வாரும் சிலர் உளர். யாம் அவரோடு உடன்படோம். தலைகுனிந்து பெறும் சோற்றுக்குக் காப்பு என்று பெயரிடுதல் சோறிடுவான் கூறும் பெயரேயாம். எனினும் அக்காப்பும் போய்விட்டால் ஏழைக்கு எஞ்சுவது யாது என்னும் வினாவை நாம் தள்ளிவிடல் ஆகாது.

அவ்வினாவிற்கு விடை கிடைத்தது அவர் மீண்டும் சென்றமையால். இடையில் நியூபிரிட்டன் தீவிலுள்ள தோலாய் மக்களின் வாணிகத்தை ஆராய்ந்து 1968இல் ஒரு நூல் எழுதிய அவர், 1970இல் தம் மைசூர்ச் சிற்றூர்களை மறுபடியும் கண்டார். செல்வர் மேலும் செல்வராகியிருந்தனர். ஏழைக்கும் அவர்க்கும் உள்ள இடைவெளி அகன்றிருந்தது. 1973இல் இதனை நூலாக எழுதினார். அதன்பின்னும் விட்டாரல்லர், நாற்பதாண்டு மாறுதலைக் கூறும் நூலொன்றைக் கன்னட நாட்டு அறிஞர் இருவரோடு கூடி 1998இல் வெளியிட்டார். 2014இல் மறைந்தார். 1956இலேயே அவர் மூட்டை கட்டிச் சென்று திரும்பாதிருந்தால், வங்கலாவைப் பற்றி நாம் அறிவது பாதியே ஆகும். அப்பாதியும் நம்மை ஏமாற்றியிருக்கும்.

இனி நம் கல்லூரியை நோக்குவோம். ஆண்டுதோறும் விடுமுறையில் ஏழு நாள் கிராம முகாம் நடக்கின்றது. ஆண்டுக்கு ஓர் ஊர். தெருக் கூட்டுகிறோம், மரம் நடுகிறோம், வினாப்படிவம் நிரப்புகிறோம். நட்ட மரம் பிழைத்ததா என்று பார்க்க அவ்வூருக்கு மறுமுறை சென்றார் எவரையும் யாம் அறியோம். நிரப்பிய படிவங்கள் எவ்வலமாரியில் உறங்குகின்றனவோ!

ஒரே ஊரைத் தேர்ந்து, பத்தாண்டு அதனையே நாடிச் செல்லுதல் ஆகாதா? முதலாண்டு மாணவர் ஏரியின் நீர்மட்டம், கிணறுகளின் ஆழம், பயிர், கூலி, பள்ளிக்குச் செல்லாச் சிறார் தொகை ஆகியவற்றைக் குறிப்பேடொன்றில் எழுதி நூலகத்தில் வைக்கட்டும். அடுத்த ஆண்டினர் அதனைப் படித்த பின்னரே பேருந்து ஏறட்டும். இதற்குப் பொருட்செலவு மிகுதியில்லை. ஆசிரியர் ஒருவரின் இசைவும், தடித்த அட்டையிட்ட குறிப்பேடு ஒன்றுமே வேண்டும்.