வாத்தியார் வெச்ச பொறந்தநாளும் ஜோசியர் குறிச்ச பொறந்தநாளும்

1/ உங்க ஃபேஸ்புக்ல இருக்கற பிறந்தநாள் லிஸ்ட்டை மாச வாரியா ஓட்டிப் பாருங்க. 50 வயசைத் தாண்டின நம்ம ஊர்க்காரங்கள்ல எத்தனை பேருக்கு மே, ஜூன்ல வாழ்த்து குவியுதுன்னு கவனிங்க. அப்புறம் சின்னக் குழந்தைகளுக்கு வாட்சப் ஸ்டேட்டஸ்ல வர்ற வாழ்த்தைப் பாருங்க. ரெண்டுலயும் ஒரு பேட்டர்ன் இருக்கு. முதலாவது சிரிச்சுட்டுப் போற விஷயம். இந்த த்ரெட் ரெண்டாவதைப் பத்தி.

2/ பெரியவங்க கதை தெரிஞ்சதுதான். வீட்லயே பிரசவம், யாரும் பதிஞ்சு வெக்கல. ஜூன்ல பள்ளிக்கூடம் திறக்கும், அஞ்சு வயசு முடிஞ்சிருக்கணும். பையன் கையைத் தலைக்கு மேல கொண்டுபோய் அந்தப் பக்கத்துக் காதைத் தொட்டுட்டா, ஹெட்மாஸ்டரே மே, ஜூன்ல ஒரு தேதி போட்டுச் சேர்த்துக்குவார். அதான் இன்னைக்கு வாழ்த்துக்குக் கீழ "நன்றிங்க, ஆனா நான் பொறந்தது ஐப்பசி அடைமழைலன்னு எங்கம்மா சொல்லும்"னு பதில் வருது.

3/ அந்தப் பொய்த் தேதியால ரிட்டையர்மென்ட் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகியிருக்கும். அவ்வளவுதான். வாத்தியார் தேதி போட்டதால எந்தக் குழந்தைக்கும் மூச்சு முட்டல.

4/ இப்ப குழந்தைங்க. தமிழ்நாட்டுல 100 பிரசவத்துல 99க்கு மேல ஆஸ்பத்திரிலதான். பிறந்த நேரம் நிமிஷம் வரைக்கும் பதிவாகுது. 2023 அக்டோபர் 1க்கு அப்புறம் பிறந்தவங்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, டிரைவிங் லைசென்ஸ், அரசு வேலை எல்லாத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். பேப்பர் உண்மையைத்தான் சொல்லுது. ஆனா இப்ப நாம பேப்பரை விட்டுட்டுப் பொறப்பையே திருத்த ஆரம்பிச்சுட்டோம்.

5/ ஸ்டேட்டஸைப் பாருங்க: நல்ல நட்சத்திரம், வளர்பிறை, இல்லேன்னா 22.2.22 மாதிரி ஃபேன்சி தேதி. 2024 ஜனவரி 22, அயோத்தி கோயில் பிரதிஷ்டை அன்னைக்கே சிசேரியன் பண்ணச் சொல்லி கான்பூர்ல கர்ப்பிணிகள் கேட்டதா செய்தி வந்துச்சு. அதைப் பாத்து நாம சிரிக்க முடியாது. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் "ஜோசியருகிட்ட கேட்டுட்டு வந்துட்டோமுங்க, 9.10க்கு மேல 10.20க்குள்ள எடுத்துருங்க"ங்கறது சாதாரணப் பேச்சு. லக்கினம் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருக்கா மாறுமே!

6/ தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21. இந்தியாவுல சிசேரியன் 21.5%. தமிழ்நாட்டுல 44.9%. நம்ம தனியார் ஆஸ்பத்திரிகள்ல 63.8%. சிசேரியன் 10 சதவீதத்தைத் தாண்டி ஏறினா தாய் சேய் மரணம் அதனால மேல குறையறதில்லைன்னு உலக சுகாதார நிறுவனம் 2015ல சொல்லிடுச்சு. இந்த 44.9 முழுக்க ஜோசியர் கணக்குன்னு நான் சொல்லல. ஆனா கத்தி எவ்வளவு சுலபமாக் கிடைக்குதோ, நாள் குறிக்கறதும் அவ்வளவு சுலபம்.

7/ "ஒரு வாரம் முன்னாடி எடுத்தா என்னங்க ஆகப்போகுது?" ஆகும். வயித்துக்குள்ள குழந்தையோட நுரையீரல்ல தண்ணிதான் இருக்கும். அதை வெளியேத்தத் தயார் பண்றதே கடைசி வாரங்களும் பிரசவ வலியும்தான். முன்னாடியே எடுத்தா குழந்தை மூச்சு வாங்கும். 2009ல வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வு ஒண்ணு, அவசரமில்லாம நாள் குறிச்சுப் பண்ணின மறு சிசேரியன்களை எடுத்துப் பாத்துச்சு. மூச்சுத்திணறல், கிருமித் தொற்று, ஐசியூ மாதிரி பாதிப்புகள் 37ஆவது வாரத்துல 15.3%, 38ல 11%, 39ல 8%. ராஜயோக ஜாதகத்தோட பொறந்த புள்ள முதல் நாளே அம்மா மடில இல்லாம ஆக்ஸிஜன்ல கிடந்தா அது என்னங்க யோகம்?

8/ அம்மாவுக்கு? கர்ப்பப்பையில ஒரு தழும்பு. அடுத்த குழந்தைக்கும் பெரும்பாலும் சிசேரியன்தான். நஞ்சு அந்தத் தழும்புல ஒட்டி வளர்ற ஆபத்து ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் கூடும். அப்படி ஒட்டினா ரத்தப்போக்கு பயங்கரமா இருக்கும், கர்ப்பப்பையையே எடுக்க வேண்டி வரலாம். ஜோசியர் அந்த தியேட்டர் வாசல்ல நிக்க மாட்டார்.

9/ இன்னொண்ணு யாரும் பேசறதில்ல. சின்ன ஆஸ்பத்திரின்னா தியேட்டர் ஒண்ணு, மயக்க டாக்டர் ஒருத்தர். நல்ல நேரத்துக்கு மூணு பேர் வரிசைல நிக்கறப்ப, உள்ள குழந்தையோட இதயத்துடிப்பு இறங்கிட்டே இருக்கற ஒரு கேஸ் வந்தா என்ன பண்றது? அவசரக் கேஸுக்கு ராகுகாலம் தெரியாது.

10/ "டாக்டருங்கதானே ஒத்துக்கறாங்க?" நியாயமான கேள்வி. ஆமா, எங்க தொழில்லயும் தப்பு இருக்கு. முடியாதுன்னா அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்குப் போயிருவாங்கன்னு பயந்து தலையாட்டறது வைத்தியம் இல்ல, வியாபாரம். அரசு ஆஸ்பத்திரிலயும் 36%. ரெஃபர் ஆகி வர்ற சிக்கலான கேஸ்கள் அதுல நிறைய. அதுக்காக அந்த நம்பரைக் கேள்வி கேக்க வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.

11/ இதோட வேர் கல்யாணச் சந்தைல இருக்கு. "பெண் மூலம் நிர்மூலம்", "ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது". 25 வருஷம் கழிச்சு வரப்போற பொருத்தத்துக்குப் பயந்துட்டு இன்னைக்கே கத்தி. ஜப்பான்ல 1966ஐ 'நெருப்புக் குதிரை' வருஷம்னாங்க. அதுல பொறந்த பொண்ணு புருஷனுக்கு ஆகாதாம். அந்த ஒரு வருஷம் பிறப்பு ஏறக்குறைய 25% விழுந்துச்சு. எந்த ஊரானாலும் பழி பொண்ணு தலைலதான்.

12/ ஜோசியத்தை முழுசா நம்பறவங்களுக்கு ஒரே கேள்வி. விதியை கிரகம் எழுதுதுன்னா, பொறக்கற நேரத்தையும் அதுதானே எழுதணும்? டாக்டருக்குப் பணம் கட்டி நேரத்தை மாத்தினா விதி மாறிரும்னா, நீங்க நம்பறது கிரகத்தை இல்லீங்க, பில் கவுன்ட்டரை.

13/ சிசேரியனே கெட்டதுன்னு யாரும் இதை வெட்டி ஒட்டிப் பரப்ப வேண்டாம். நஞ்சு வழியை அடைச்சிருந்தா, குழந்தை குறுக்க கிடந்தா, துடிப்பு குறைஞ்சா, சிசேரியன் உயிர் காக்கும். அப்ப நாள் நட்சத்திரம் பாத்துத் தாமதிக்கறதும் அதே அளவு ஆபத்து. மருத்துவக் காரணம் இருந்து, அவசரமில்லாம, 39 வாரம் முடிஞ்சு, டாக்டர் சொல்ற ரெண்டு மூணு நாளுக்குள்ள உங்களுக்குப் பிடிச்சதை எடுத்துக்கங்க. அதுல எனக்குச் சண்டை இல்ல.

14/ டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: ஏன் சிசேரியன்? இன்னைக்கு எத்தனை வாரம்? இன்னும் ஒரு வாரம் காத்திருந்தா என்ன ஆபத்து? பதில் மருத்துவமா இருந்தா சம்மதிங்க. பஞ்சாங்கமா இருந்தா எந்திரிச்சு வந்துருங்க.

15/ உங்க சொந்தத்துல யாருக்காவது வளைகாப்பு நடக்கப்போகுதுன்னா, அந்தக் குடும்ப வாட்சப் குரூப்ல இதைப் போடுங்க. முக்கியமா மாமியாருக்கும் அமுச்சிக்கும் படிச்சுக் காட்டுங்க. ஜோசியர் வீட்டுக்கு முதல்ல கிளம்பறது பல வீட்ல அவங்கதான்.