பழவேற்காட்டுத் துணியும் ஆப்பிரிக்கக் கைகளும்

பாரிஸ் நகரில் பிக்காசோ என்ற ஓவியர் 1907-ல் ‘அவிஞ்ஞோன் பெண்கள்’ என்றொரு படம் வரைந்தார். அதிலுள்ள ஐந்து பெண்களில் இருவரின் முகங்கள் ஆப்பிரிக்க முகமூடிகளை ஒத்திருக்கின்றன. நவீன ஓவியம் இங்கேதான் புதுப் பாதையில் திரும்பிற்று என்று அறிஞர்கள் கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும், பின்னாளில், 1944-ல், பிரெஞ்சுக் கம்யூனிஸ்டுக் கட்சியில் சேர்ந்தவர் அவர். ஆனால் பாரிஸ் மியூசியத்தில் அவர் கண்டு மலைத்துப்போன முகமூடிகளை மரத்தில் செதுக்கிய கைகள் யாருடையவை? அந்தப் பெயர்களை எழுதிவைக்க ஒருவரும் கவலைப்படவில்லை.

கும்மிடிப்பூண்டி ஆலைத் தொழிலாளிக்கும், பொன்னேரி வயலில் நாற்று நடும் தாய்க்கும் இதில் என்ன அக்கறை என்று தோழர்கள் கேட்கலாம். முகமூடிக்கு நேர்ந்ததே நம் ஊர்த் துணிக்கும் நேர்ந்தது. பொன்னேரிக்குக் கிழக்கே உள்ள பழவேற்காடு இதற்குச் சாட்சி.

1613-ல் ஒல்லாந்தர் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது ஏரியின் அழகைப் பார்க்க அல்ல, துணிக்காக! சாயவேர்ச் சிவப்பும் அவுரி நீலமும் ஏறிய நூலில் நம் நெசவாளர்கள் நெய்த கட்டம் போட்ட துணி, ஊரின் பெயராலேயே கடல் கடந்து விலைபோயிற்று. சோழமண்டலக் கரையின் துணியைக் கொடுத்து, மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் ஐரோப்பியக் கம்பெனிகள் மனிதர்களை வாங்கின. அது மட்டுமா? பதினேழாம் நூற்றாண்டில் நம் பக்கத்து ஏழைகளையும் ஒல்லாந்தர் பழவேற்காட்டில் கப்பலேற்றி, இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தேவியாவுக்கு அடிமைகளாக அனுப்பினர்.

அந்தத் துணி போய்ச் சேர்ந்த இடம் ஒன்றைப் பார்ப்போம். நைஜீரியாவில், நைஜர் நதியின் கழிமுகத் தீவுகளில் கலபாரி மக்கள் வாழ்கிறார்கள். பழவேற்காட்டிலும் சென்னையைச் சுற்றியும் நெய்யப்பட்ட இந்த வகைக் கட்டத் துணிக்கு அவர்கள் வைத்த பெயர் ‘இஞ்சிரி’. வாங்கியதை அப்படியே உடுத்த அவர்களுக்கு மனம் வரவில்லை. கலபாரிப் பெண்கள் ஊசியால் நூலை ஒவ்வொன்றாகத் தூக்கி, பிளேடால் அறுத்து, உருவி எடுப்பார்கள். எந்த நூல் போகவேண்டும், எது நிற்கவேண்டும் என்ற கணக்கெல்லாம் அவர்கள் மனத்திலேயே இருக்கும். முடிவில், நம் நெசவாளி நெய்த கட்டத்துக்குள்ளிருந்து, அவர் கனவிலும் காணாத வேறொரு கோலம் சல்லடைபோல் எழுந்து நிற்கும்! ‘பெலெட்டெ பிட்டெ’, அதாவது அறுத்த துணி, என்று இதற்குப் பெயர். குடும்பப் பெட்டியில் தலைமுறை தலைமுறையாகக் காத்துவைத்து, பெரியவர் ஒருவர் இறந்தால் அவரைக் கிடத்தும் கட்டிலை இத்தகைய துணிகளால் அலங்கரிப்பார்கள். நெய்த துணியில் நூலை அறுத்தால் நம் ஆலை மேஸ்திரி அபராதம் போடுவார். நாம் இதைக் கலை என்கிறோம்.

பிக்காசோ ஆப்பிரிக்காவிடம் கற்றது குற்றமல்ல. கலபாரிப் பெண்ணும் நம் நெசவாளியிடமிருந்துதான் எடுத்துக்கொண்டாள். குற்றம் நடந்தது வேறிடத்தில். 1897-ல் ஆங்கிலப் படை அதே நைஜீரியாவின் பெனின் நகரில் புகுந்து, அரண்மனையின் பித்தளைச் சிற்பங்களைக் கொள்ளையடித்தது. அவற்றை வார்த்த கன்னார்களின் வழிவந்தோர் இன்றும் அந்நகரின் இகுன் தெருவில் உலை மூட்டுகிறார்கள். நெதர்லாந்து 2025-ல் 119 கலைப்பொருள்களைத் திருப்பிக் கொடுத்தது. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் மியூசியமோ 900-க்கு மேல் வைத்துக்கொண்டு, திருப்பித்தரச் சட்டம் இடந்தரவில்லை என்கிறது. கொள்ளைக்கு மட்டும் எந்தச் சட்டம் இடந்தந்ததோ!

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே அவர்களுடைய பெயர்கள் கல்லில் அழகாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. சர்க்காரின் தொல்லியல் துறை அதைப் பாதுகாக்கிறது. நல்லது. அதே ஊரில், துணி நெய்தவர்களுக்கும் அடிமைகளாய் விற்கப்பட்டவர்களுக்கும் ஒரு கல் நடவேண்டும். பெயர் தெரியாவிட்டால் தொழிலையும் நூற்றாண்டையும் பொறிக்கட்டும். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பள்ளிக்கூடங்களில் கலபாரிப் பெண்களின் துணியைப் படத்திலாவது காட்டி, இந்தச் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும். திருவள்ளூர் ஜில்லா நிர்வாகத்தை நாம் கேட்பது இதைத்தான்.