“அவனுக்கெதுக்குங்க சிரமம்?”

நம்ம கோவைப் பக்கம் வார்டுல அடிக்கடி கேக்குற பதில் இது. சர்க்கரைப் புண்ணோட அட்மிட் ஆன பெரியவர்கிட்ட, “பையனுக்குச் சொல்லட்டுங்களா?”ன்னு கேட்டா இதைத்தான் சொல்வார். சுத்தி இருக்கவங்களும் ‘என்னா தன்மானம்!’னு மெச்சிட்டுப் போயிடுவாங்க.

எல்லாமே தன்மானம் இல்லைங்க. அதுல பயமும் இருக்கு.

இரக்கத்தைப் பத்தின பயத்தை அளக்கவே 2011-ல பால் கில்பர்ட்ங்கிற பிரிட்டிஷ் உளவியலாளரோட குழு ஒரு கேள்வித்தாள் வெளியிட்டாங்க. அடுத்தவங்களுக்கு இரக்கம் காட்டப் பயம் (“இடம் கொடுத்தா தலைமேல ஏறிடுவாங்க”), அடுத்தவங்க காட்டினா வாங்கிக்கப் பயம், தன்மேலயே காட்டிக்கப் பயம். கடைசி ரெண்டும் அதிகமா இருந்தவங்ககிட்ட தன்னையே திட்டிக்கிறது, மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் சேர்ந்தே இருந்துச்சு. எதனால எது வந்துச்சுன்னு அதை வச்சு அடிச்சுச் சொல்ல முடியாது.

சின்ன வயசுல அன்போட சேர்ந்து “உனக்கு எவ்ளோ செஞ்சேன்”ங்கிற குத்தலும் வந்திருந்தா, பின்னாடி யார் பரிவா பேசினாலும் மனசு உஷாராயிடும். நம்மூர்ல மொய்யையே நோட்டுப் போட்டு எழுதி வைக்கிறோம். பாசமும் கடனாத் தெரியுறதுல ஆச்சரியம் என்ன?

அதனால “ஏதாச்சும் வேணுங்களா?”ன்னு கேக்காதீங்க, “வேண்டாமுங்க”ன்னுதான் வரும். “வியாழக்கிழமை டிரெஸ்ஸிங்குக்கு வண்டில கூட்டிட்டுப் போறேனுங்க”ன்னு சொல்லுங்க. மறுத்தா கோவிச்சுக்காம அடுத்த வாரமும் கேளுங்க. தூக்கம், பசி கெட்டு, “நான் இருந்து என்ன ஆகப்போகுது”ன்னு பேச ஆரம்பிச்சா மட்டும் காத்திருக்க வேண்டாம். ஜிஎச் மனநலப் பிரிவுக்குக் கூட்டிட்டு வாங்க. ராத்திரின்னா 14416, டெலி மனாஸ். இலவசம், தமிழ்லயே பேசலாம்.