தேர்வாளர் கண்ணில் படாத பையன்கள்

கிரிக்கெட்டைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கால்பந்தும் ஹாக்கியும் தெரியும். ரக்பி என்றால் மட்டும் பலர் கையை விரிப்பார்கள். மும்பை ஆஸாத் மைதானத்தை ஒட்டியுள்ள ஜிம்கானாவில் மழைக்காலச் சேற்றில் புரண்டு ஆடும் அந்த ஆட்டத்தை, ஆபீஸ் விட்டு ரயிலுக்கு விரையும் குமாஸ்தா பார்த்தால், "சடுகுடு ஆடுகிறவர்கள் கையில் யாரோ பந்தைக் கொடுத்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். அது ஒன்றும் தப்பான வர்ணனை அல்ல. அணிக்கு 15 பேர். முட்டை வடிவப் பந்து. அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம். ஆனால் கையால் முன்பக்கம் எறியக்கூடாது, பக்கத்திலோ பின்னாலோ வரும் சகாவுக்குத்தான் கொடுக்க வேண்டும். ஓடுகிறவனை எதிரணியினர் மடக்கி வீழ்த்தலாம். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் பதித்தால் 5 புள்ளி. அதற்கு 'ட்ரை' என்று பெயர்.

இந்த ஆட்டத்துக்கு இந்தியாவோடு பழைய உறவு உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்கத்தாவில் இருந்த வெள்ளைக்காரர்களின் ரக்பி கிளப் 1870-களில் நடத்த முடியாமல் மூடப்பட்டபோது, பாங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை எடுத்து உருக்கி ஒரு கோப்பை செய்து இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்தார்கள். இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் 1879 முதல் மோதுவது அந்தக் 'கல்கத்தா கோப்பை'க்காகத்தான். கோப்பை சீமைக்குப் போயிற்று. ஆட்டம் நம் ஊரில் கிளப் வேலிக்குள்ளேயே நின்றுவிட்டது.

ரக்பியை வேலிக்குள் வைக்காமல் ஒரு நாடே தலைமேல் வைத்துக் கொண்டாடும் இடம் தென்னாப்பிரிக்கா. அங்கே ஜூலை மாதக் குளிர்கால விடுமுறையில் 18 வயதுக்கு உட்பட்ட பள்ளி மாணவர்களுக்காக நடக்கும் பந்தயத் தொடருக்குக் 'கிரேவன் வாரம்' என்று பெயர். பள்ளிகளின் பெயரால் அல்லாமல் மாகாணங்களின் பெயரால் பையன்கள் ஆடுவார்கள். பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் எந்த ஊர்ப் பெற்றோரும் அறிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இந்த வாரத்தின் கதையில் இருக்கின்றன.

1964-ல் அந்நாட்டு ரக்பி வாரியத்தின் 75-ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, ஈஸ்ட் லண்டன் என்ற துறைமுக நகரில் 15 அணிகளுடன் இது தொடங்கியது. 1930-களில் நாட்டுக்காக ஆடிப் பெயர் பெற்று, 1956 முதல் வாரியத்தின் தலைவராக இருந்த டானி கிரேவன் பெயரையே அதற்கு வைத்தார்கள். இந்தப் பந்தயத்தில் ஒரு விசேஷம்: சாம்பியன் பட்டம் கிடையாது. அந்த வாரத்தில் நன்றாக ஆடிய இரண்டு அணிகளைக் கடைசி நாளில் மோதவிட்டு, பெரிய ஆட்டம் என்று அதை ஜனங்கள் கொண்டாடலாம். ஆனால் அதிகாரபூர்வமான இறுதிப்போட்டி இல்லை என்பதே மரபு. பதினேழு வயதுப் பையனின் தலையில் கோப்பையின் பாரத்தை ஏற்றக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. வாரம் முடிந்ததும் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் அணி என்று ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். அதில் பெயர் வந்தால் போதும், அந்தப் பையனின் வீட்டுக் கதவைப் பெரிய கிளப்புகள் தட்டத் தொடங்கிவிடும்.

இத்தனை நல்ல ஏற்பாட்டில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. முதல் பதினாறு ஆண்டுகள் இதில் வெள்ளைக்காரப் பையன்கள் மட்டுமே ஆடினார்கள். கறுப்பர், கலப்பினத்தவர், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு 1860 முதல் கப்பலேறிப் போன தமிழர்களின் கொள்ளுப்பேரர்கள் என எல்லோரும் அந்நாட்டுச் சட்டப்படி 'வெள்ளையர் அல்லாதார்' பட்டியலில் அடங்கியவர்கள். அவர்கள் பிள்ளைகளும் ரக்பி ஆடினார்கள். கேப் பகுதியின் கறுப்பர் குடியிருப்புகளில் தலைமுறை தலைமுறையாக இந்த ஆட்டம் உண்டு. புல் முளைக்காத தரையில், வேறு சங்கங்களின் கீழ், பத்திரிகைக்காரர் எவரும் எட்டிப் பாராமல் ஆடினார்கள்.

1980-ல் ஸ்டெல்லன்பாஷ் நகரில் நடந்த வாரத்தில்தான் முதன்முறையாக வெள்ளையரல்லாத பையன்களின் அணிகள் சேர்த்துக்கொள்ளப்பட்டன. உடனே ஆளுங்கட்சிக்குள் பூகம்பம் வெடித்தது. கலப்பினப் பையன்கள் வெள்ளைப் பையன்களோடு ஆடுவதா என்று ஆண்ட்ரீஸ் ட்ருர்னிக்ட் என்ற முக்கியத் தலைவர் எதிர்ப்புத் தெரிவித்தார். பிரதமர் போத்தாவுக்கும் அவருக்கும் பகிரங்கமாகவே பிணக்கு ஏற்பட்டது. இரண்டு ஆண்டுகளில், வேறு காரணங்களும் சேர்ந்துகொள்ள, ட்ருர்னிக்ட் வெளியேறித் தனிக்கட்சி கண்டார். பள்ளிப் பையன்கள் பந்து விளையாடுவது ஓர் ஆட்சியையே அசைத்தது என்றால், அந்த ஆட்சியின் அஸ்திவாரம் எதன்மேல் நின்றது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கதவு திறந்தபோது எல்லோரும் உள்ளே போய்விடவில்லை. நிறபேதமற்ற விளையாட்டுக்காக 1973-ல் ஏற்பட்ட தென்னாப்பிரிக்க விளையாட்டு மன்றத்தைச் சார்ந்தவர்கள் வர மறுத்தார்கள். ஓட்டுரிமை இல்லாத, விரும்பிய தெருவில் வீடு கட்ட முடியாத அப்பன், தன் மகனை ஒரு வாரம் மட்டும் சமமாக நடத்துகிற கூடாரத்துக்கு ஏன் அனுப்ப வேண்டும் என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நியாயத்துக்கு விலை கொடுத்தவர்கள் பதினாறு பதினேழு வயதுப் பையன்கள். கறுப்பர் பகுதிகளில் அந்தக் காலத்தில் எத்தனை அபூர்வமான ஆட்டக்காரர்கள் முளைத்து மடிந்தார்கள் என்பதற்குக் கணக்கு எந்த ஏட்டிலும் இல்லை. இதில் குற்றம் மறுத்தவர்களைச் சேராது. மறுக்க வைத்தவர்களையே சேரும். பிரிந்து கிடந்த ரக்பி சங்கங்கள் ஒன்றானது 1992-ல்தான்.

அதற்கு முந்தைய ஆண்டு, 1991 ஜூன் 16 அன்று, போர்ட் எலிசபெத் நகருக்கு வெளியே ஸ்விடே என்ற கறுப்பர் குடியிருப்பில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. மக்களை இனவாரியாகப் பதிவு செய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் ரத்து செய்தது மறுநாள். அந்தக் குழந்தைதான் சியா கொலீசி. பாட்டி வளர்த்த பிள்ளை. சில நாள் சாப்பாடு உண்டு, சில நாள் இல்லை. ஊர் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவரை உள்ளூர்ப் பயிற்சியாளர் ஒருவர் கவனித்தார். பன்னிரண்டு வயதுக்காரர்களுக்காக மாஸல் பே என்ற ஊரில் நடந்த பந்தயத்துக்குப் பையன் போனான். ரக்பிக்கு உரிய கால்சட்டை வாங்க வசதியில்லாமல் உள்ளாடையோடு ஆடியதைப் பிற்காலத்தில் அவரே சொல்லியிருக்கிறார். அங்கே பார்த்துப் பிடித்துப்போய், பேர்பெற்ற கிரே பள்ளியில் சம்பளம் இல்லாமல் இடம் கொடுத்தார்கள். சரியாக ஆங்கிலம் பேசத் தெரியாத பையன், பசிக்காமல் உண்டு படிக்கத் தொடங்கினான். 2007-லும் 2008-லும் கிழக்கு மாகாணத்துக்காகக் கிரேவன் வாரத்தில் ஆடினான். 2007-ல் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை வென்றதை அவன் பார்த்தது மதுக்கடை ஒன்றின் டெலிவிஷனில். வீட்டில் டெலிவிஷன் இல்லை.

2018-ல் கொலீசி தென்னாப்பிரிக்காவின் முதல் கறுப்பின டெஸ்ட் கேப்டன் ஆனார். 2019-ல் யோகஹாமாவிலும் 2023-ல் பாரிஸிலும் உலகக் கோப்பையைத் தூக்கினார். 1995-ல் மண்டேலா கையால் கோப்பை வாங்கிய அணியில் செஸ்டர் வில்லியம்ஸ் ஒருவரே வெள்ளையரல்லாதவர். 2019 இறுதியாட்டத்தில் களம் இறங்கிய 15 பேரில் ஆறு பேர் வெள்ளையரல்லாதவர்கள். இருபத்துநாலு ஆண்டுகளில் இது சின்ன மாறுதல் அல்ல.

ஆனால் இதைப் பார்த்துவிட்டு, திறமை இருந்தால் தானாக மேலே வந்துவிடும் என்று பெருமூச்சு விட்டு உட்காருவதற்கில்லை. கொலீசியின் கதையில் அவர் திறமைக்குச் சமமாக மூன்று பேர் நிற்கிறார்கள்: ஊர்ப் பயிற்சியாளர், மாஸல் பேயில் உட்கார்ந்து பார்த்தவர், பள்ளியில் இடம் கொடுத்தவர். மூன்றில் ஒருவர் அன்று வேறு வேலையாகப் போயிருந்தால் கொலீசி என்ற பெயர் ஸ்விடே தெருவைத் தாண்டியிராது. இன்றும் கிரேவன் வாரத்து அணிகளில் பேர்பெற்ற சில பள்ளிகளின் பையன்களே நிறைந்திருக்கிறார்கள். புளூம்ஃபான்டீன் கிரே கல்லூரி ஒன்றிலிருந்தே நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் தேசிய அணிக்குப் போயிருக்கிறார்கள். அந்தப் பள்ளிகளுக்குள் நுழைந்தவனுக்கு ஊட்டச் சத்து, உடற்பயிற்சிக் கூடம், மருத்துவர் எல்லாம் கிடைக்கும். வெளியே நிற்பவனுக்கு மைதானமே இல்லை. தேர்வாளர் நேர்மையாகவே தேர்ந்தெடுக்கிறார். தன் முன்னால் வந்து நிற்பவர்களில்!

இதற்கு மக்கசோலே மபிம்பியைவிடச் சாட்சி வேண்டாம். ஈஸ்ட் லண்டனுக்கு அருகே, கிரேவன் வாரம் பிறந்த அந்த நகரத்துக்குப் பக்கத்திலேயே, ட்ஸோலொம்ன்கா என்ற கிராமத்துப் பையன். மைல் கணக்கில் நடந்து பள்ளிக்கூடம் போனவர். பெரிய பள்ளி எதுவும் அவரைக் கூப்பிடவில்லை. எந்த இளைஞர் அணியிலும் நட்சத்திரமாக இருந்ததில்லை. தேசிய அணியில் அவர் முதல் முறை ஆடியது 2018-ல், 27-ஆம் வயதில். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இடது ஓரமாக ஓடி, பந்தை முன்னால் உதைத்துவிட்டு, சகா அதை எடுத்துத் திருப்பிக் கொடுக்க, கோட்டைத் தாண்டி விழுந்தார். தென்னாப்பிரிக்கா அதற்கு முன் இரண்டு முறை கோப்பை வென்றிருந்தும், இறுதியாட்டத்தில் அந்நாட்டார் எவரும் ட்ரை போட்டதில்லை. முதல் ட்ரை, இளவயதில் யாரும் கண்டுகொள்ளாதவருடையது.

நேர்வழியில் வந்தவர்களும் உண்டு, மறுப்பதற்கில்லை. ஹாண்ட்ரே போலார்ட் 2014-ல் 20 வயதுக்கு உட்பட்டோரின் உலகப் போட்டியில் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கினார். இறுதியில் இங்கிலாந்திடம் 20-21 என்று ஒரே புள்ளியில் தோற்ற அணியின் கேப்டன் அவர்தான். அதே மாதத்தில் பெரியவர்கள் அணியிலும் ஆடினார். 2019 இறுதியில் 22 புள்ளி. 2023 இறுதியில் நியூஜிலாந்தை 12-11 என்று வென்றபோது அந்தப் பன்னிரண்டும் அவர் உதைத்தது. வேடிக்கை என்னவென்றால், அந்த 2023 உலகக் கோப்பைக்கு முதலில் அறிவித்த அணியில் அவர் பெயரே இல்லை. வேறொருவர் காயம்பட்டு விலகியபின் வரவழைக்கப்பட்டவர்.

இளவயதில் நட்சத்திரம் என்று பெயர் சூட்டுவதில் பத்திரிகைகளுக்குப் பொறுப்பு வேண்டும் என்பதும் இதிலிருந்து தெரிகிறது. பதினேழு வயதில் முரட்டு உடம்போடு எதிரிகளைத் தள்ளிக்கொண்டு போகும் பையன் பல சமயம் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வளர்ந்தவன், அவ்வளவுதான். இருபத்தொரு வயதில் எல்லோரும் வளர்ந்துவிடுவார்கள். அப்போது அவனிடம் வேறு சரக்கு இருக்கிறதா என்பது தெரியும். நியூஜிலாந்தில் சிறுவர் ரக்பியில் வயதோடு எடையையும் பார்த்துப் பிரிக்கும் வழக்கம் இதனால்தான் உண்டு. தென்னாப்பிரிக்காவிலோ, கிரேவன் வாரத்தில் பெயர் எடுத்தே ஆகவேண்டும் என்ற வெறியில் ஊக்கமருந்து உட்கொண்டு சோதனையில் பிடிபட்ட பள்ளிப் பையன்களும் இருக்கிறார்கள். பட்டம் வேண்டாம் என்று வைத்த பந்தயத்தில் பணம் வேறு வாசல் வழியாக நுழைந்துவிட்டது.

நம் நாட்டுக்கு வருவோம். 2007-ல் லண்டனில் நடந்த 14 வயதுக்கு உட்பட்ட பள்ளிகளின் சர்வதேச ரக்பிப் போட்டியில் வென்றவர்கள் ஒடிசாவின் பழங்குடிப் பையன்கள். புவனேஸ்வரத்தில் பழங்குடிப் பிள்ளைகளுக்கென நடக்கும் உறைவிடப் பள்ளியான கலிங்கா நிறுவனத்தில் படித்தவர்கள். அதைப் பற்றிச் சினிமாவும் வந்தது. பந்தைக் கொண்டுபோய் அவர்கள் கையில் கொடுத்தவர்கள் இருந்தார்கள், சாப்பாடும் படுக்கையும் போட்ட பள்ளி இருந்தது, டிக்கெட் எடுத்து லண்டனுக்கு அழைத்துப்போக ஆள் இருந்தது. அவர்கள் ஜெயித்தது அதிசயமல்ல. மற்ற ஜில்லாக்களில் அப்படி ஒரு பள்ளி இல்லாததுதான் கேள்வி.

பிற மாநிலங்களில் பிழைக்கும் தமிழர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வீட்டு விஷயம். தாராவியிலும் செம்பூரிலும் பெங்களூரின் ஆலைப் பகுதிகளிலும் எந்த ஆட்டமானாலும் வெளுத்து வாங்கும் பையன்கள் இருக்கிறார்கள். மாநில அணித் தேர்வு எங்கே, எந்தத் தேதியில் என்பது பெரும்பாலும் கிளப் பையன்களுக்குத்தான் தெரிகிறது. தெரிந்தாலும் வயதுச் சான்றிதழுக்கும் பள்ளிச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும். ஷிப்டில் வேலை பார்க்கும் தகப்பனுக்கு ஒரு நாள் கூலி போகும். சங்கங்கள் தேர்வுத் தேதியைத் தமிழ், தெலுங்கு, மராத்தி, கன்னடப் பத்திரிகைகளிலும் முன்கூட்டியே வெளியிடலாம். தேர்வாளர்கள் ஆண்டுக்கு இரண்டு ஞாயிறு கிளப் மைதானத்தை விட்டு இறங்கி, முனிசிபல் பள்ளி மைதானங்களில் போய் உட்காரலாம். நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாவில் பெரியவர்களுக்குப் போடும் பொன்னாடைச் செலவில் பாதியை ஒதுக்கினால், ஒரு பேட்டையில் பத்துப் பையன்களுக்குப் பூட்ஸும், தேர்வுக்குப் போய்வர ரயில் கட்டணமும் கொடுத்துவிடலாம்.