குதிரை வைத்தியத்திற் குருத்துக்கலங்கள்: பெயர் ஒன்று, பொருள் பல

பந்தயக் குதிரை முழு வேகத்தில் ஓடும்போது முன்னங்காலின் பின்புறத்துத் தசைநாண் தன் தாங்குமெல்லை வரை இழுபடுகின்றது. அதன் நார்கள் அறுந்தால் அவ்விடத்தில் தழும்பு தோன்றிக் காயம் ஆறும். ஆயினும் தழும்புக்கு முன்னைய நாரின் நெகிழ்ச்சி இல்லை. ஆதலின் ஓட்டத்துக்கு மீண்ட குதிரை மறுபடியும் நொண்டுதல் அடிக்கடி நேர்கின்றது.

இக்குறையை நீக்கவே குருத்துக்கலங்கள் மிருக வைத்தியத்திற் புகுத்தப்பட்டன. தானும் பெருகி, என்பு, கசியிழையம், கொழுப்பு முதலியவற்றின் கலங்களாகவும் மாறவல்ல கலமே குருத்துக்கலமாகும். குதிரையின் சொந்த என்புமச்சையிலிருந்து பெற்று வளர்த்த கலங்களைக் காயமுற்ற நாணினுள் ஊசிமூலம் செலுத்திய செய்தி 2003ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வெளிவந்தது. 2012ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில், இவ்வாறு சிகிச்சை பெற்ற 113 பந்தயக் குதிரைகளுள் நூற்றுக்கு 27.4 வீதமானவையே மீண்டும் காயமுற்றன. வேறு சிகிச்சைகளுக்கென முன்னர் வெளியிடப்பட்ட வீதங்களிலும் இது குறைவாகும். எனினும், ஒப்பீட்டுக்கெனத் தனித் தொகுதி ஒன்று அவ்வாய்வில் வைக்கப்படவில்லை என்பதையும் மறத்தலாகாது.

இந்நற்பெயரின் நிழலில் இன்று பலவகைத் தயாரிப்புகள் வழங்குகின்றன. மார்பென்பின் மச்சையிலிருந்து எடுத்த கலங்கள் ஆய்வுகூடத்திற் சில வாரங்கள் வளர்க்கப்படுகின்றன. வாலடிக் கொழுப்பிலிருந்து பிரித்தவையோ, வளர்க்கப்படாமலே ஓரிரு நாளிற் குதிரைக்கு ஏற்றப்படுவதுண்டு. அக்கலவையிற் குருத்துக்கலங்கள் சிறுபங்கே. கொப்பூழ்க்கொடியிலிருந்தும் குருதியிலிருந்தும் பெறுபவை வேறு. இவை யாவும் ஒரே பெயரால் விற்கப்படுதல் பொருத்தமன்று. விதைநெல் வாங்கும் கமக்காரன் இனமும் முளைதிறனும் கேளாது பணங்கொடுப்பதில்லை.

மூலம் ஒன்றாயினும் வேறுபாடு ஒழிவதில்லை. முதிய குதிரையின் கலங்கள் இளங்குதிரையினவற்றைப் போற் பெருகுவதில்லை. பன்முறை மாற்றி வளர்த்த கலங்கள் ஆற்றல் குன்றுகின்றன. அயற்பொருளென உடல் இனங்காண்பதற்குரிய சில அடையாளப் புரதங்கள் ஒரு குதிரையின் கலங்களில் மிகுந்தும் மற்றொன்றினவற்றில் அருகியும் காணப்படுகின்றன. வேறு குதிரையின் கலங்களை ஏற்றும்போது இவ்வேறுபாடு சிறியதன்று. அன்றியும், வழியனுப்பும் நேரத்திற் கலங்கள் இறப்பதுமுண்டு. மனிதக் கலங்களுக்கு 2006ஆம் ஆண்டில் இலக்கணம் வகுக்கப்பட்டது. ஆனால் அதற்குரிய சோதனைப் பொருள்கள் பல குதிரைக் கலங்களிற் பற்றுவதில்லை.

ஆதலின் ஒவ்வொரு ஊசியுடனும் கலங்களின் மூலம், எண்ணிக்கை, உயிருள்ளவற்றின் வீதம், எத்தனை முறை மாற்றி வளர்க்கப்பட்டன என்பன எழுத்திற் கொடுக்கப்படல் வேண்டும். 2019ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்திற் குதிரைகளுக்கான குருத்துக்கல மருந்துகள் அனுமதி பெற்றமை, தொகுதி தோறும் சோதித்தல் இயலுமென்பதைக் காட்டுகின்றது. சோதனையாற் செலவு கூடும், தழும்பு முற்றுமுன் ஊசியேற்றும் காலமும் தவறும் என்பர் சிலர். கலங்களை எண்ணுதற்கு நாட்கள் வேண்டியதில்லை. மேலும், ஊசிக்குப் பின் ஏறத்தாழ ஓராண்டு படிப்படியான பயிற்சியளித்த குதிரை மீண்டும் நொண்டினால், தவறியது கலமா, பயிற்சியா, காயத்தின் கடுமையா என மிருக வைத்தியர் எதைக்கொண்டு துணிவார்? இதன்பொருட்டு ஒவ்வொரு தயாரிப்பிலும் சிறிதளவை உறையவைத்துப் பேணுதலும், குதிரை களத்துக்கு மீண்டு ஈராண்டு செல்லும்வரை அதனை அழியாதிருத்தலும் ஆய்வுகூடங்களின் கடமையாக்கப்படல் வேண்டும்.